கல்கோயிலில் நான் சொன்ன பதில்

பாடம் நடத்துகிற இடத்திலேயே கல்யாணமும் செய்துகொள்ளக் கூடாது. செய்துகொண்டவள் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் அப்போது கல்கட்டடம் என்றால் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை அது வேதக்கோயில். மற்ற நாட்களில் பள்ளிக்கூடம். பீடத்துக்கு முன்னால்தான் என் இரண்டாம் வகுப்பு. கனத்த கருங்கல் சுவர்கள், மெல்லப் பேசினாலும் முழங்கும். (நான் மெல்லப் பேசுகிறவளும் இல்லை.)

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் என் கல்யாணமும் அங்கேயே நடந்தது. மாப்பிள்ளை செல்லையா, அஞ்சலாபீஸ் குமாஸ்தா. பெண் பார்க்க வந்தபோது அவர் தரையைப் பார்த்தார். நானும் தரையைப் பார்த்தேன். ஆக, இருவருக்கும் தரை பிடித்திருந்தது.

கல்யாணத்தன்று என் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். போதகர் கேட்டதும் செல்லையா, காற்றுக்குக்கூடக் கேட்காத குரலில் "சம்மதம்" என்றார். பிறகு போதகர் என்னிடம் திரும்பி, "இவரை உன் புருஷனாக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா?" என்றார்.

அந்த நேரம் பார்த்து தங்கம் என்கிற வாண்டு ஒற்றை விரலைத் தூக்கினாள். வெளியே போக வேண்டுமாம். என் வாய் தானாகத் திறந்தது.

"இப்பம் முடியாது. இரி."

கோயில் முழுக்க முழங்கியது. செல்லையா பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். (கையைக் கட்டிக்கொண்டு.)

அவருடைய அம்மா எழுந்தார். "எம் பிள்ளைய வேண்டாம்னு சொல்லியாச்சு. வண்டியப் பூட்டச் சொல்லுங்க."

எனக்கு அழுகை முட்டியது. "அது... தங்கத்துக்கு..." என்று விக்கினேன்.

"தங்கமா? நாங்க தங்கமொண்ணும் கேக்கலியே."

அதற்குள் தங்கத்தால் அடக்க முடியவில்லை. பாய் நனைந்துவிட்டது. அவளும் அழ ஆரம்பித்தாள். மாமியார் பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பட்டுச்சேலையோடு குழந்தையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போனார். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

செல்லையா பெஞ்சில் இருந்தபடியே மெதுவாகக் கேட்டார். "டீச்சர், இனி எழும்பலாமா?"

தலையாட்டினேன். போதகர் மறுபடி கேட்டபோது நான் சொன்ன "சம்மதம்" தெருவில் நின்ற வண்டிக்காரனுக்கே கேட்டதாம்.

பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் அவரை விடுவதில்லை. "பாட்டி முடியாதுன்னு சொன்ன பொறவும் ஏன் தாத்தா கெட்டினிய?"

"முடியாதுன்னு சொன்னா, சரிதான். ஆனா போன்னு சொல்லலியே மக்கா," என்பார் அவர். "இரின்னுல்லா சொன்னா. அதான் இருந்துட்டேன்."