கடைசி அஞ்சு நிமிஷ வேர்வை

ஏசி காருக்கு வாடகை வாங்கிக்கொண்டு, ஆளை வேர்க்க விறுவிறுக்க இறக்கிவிடும் கலையில் தருமபுரி மாவட்டத்திலேயே எங்கள் நல்லம்பள்ளி 'அஞ்சு நிமிஷ'த்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. டாக்ஸி ஸ்டாண்டில் இருபது வருஷமாக இருக்கிறார். அசல் பெயர் அவருடைய லைசென்ஸுக்கு மட்டும்தான் தெரியும்.

விஷயம் இதுதான். போய்ச் சேர அஞ்சு நிமிஷம் இருக்கும்போது ஏசியை அணைத்துவிட்டு, ஃபேனை மட்டும் முழு வேகத்தில் ஓட விடுவார். ஜன்னலையும் இறக்க விடமாட்டார். சித்திரை வெயில், கைக்குழந்தை, மேலதிகாரி, எதற்கும் சலுகை கிடையாது.

"ஏசிக்கு உள்ளாற ஈரம் நிக்குதுங்க. ஈரத்தோட நிறுத்துனா பூஞ்சை புடிச்சு, நனைஞ்ச சாக்கு மாதிரி நாறும்."

"எங்களை எறக்கிவிட்டுட்டு அப்புறமா காய வைக்கக் கூடாதுங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீங்க பாட்டுக்கு எறங்கிப் போயிருவீங்க. நின்ன வண்டியில உக்காந்து அஞ்சு நிமிஷம் எவனுங்க வேர்ப்பான்?"

ஸ்டாண்டில் மற்றவர்களின் வைத்தியம் வேறு. ரோஜா, எலுமிச்சை, மல்லிகை என்று விதவிதமாக சென்ட் தொங்கும். ஒருவர் ஏசி துவாரத்துக்கு விபூதிப் பட்டையே போட்டிருந்தார். நாற்றம் போகவில்லை, பக்தியோடு நாறியது.

ஒருமுறை கட்சிப் பிரமுகர் ஒருவரை, நிழற்கூடம் திறந்து வைக்க மாரண்டஹள்ளிக்கு அழைத்துப் போனார் அஞ்சு நிமிஷம். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை தொப்பலாக நனைந்து இறங்கியவரைப் பார்த்ததும், "பாவம், நமக்காக எங்கெங்க அலையறாரோ" என்று ஜனங்கள் உருகிவிட்டார்கள். அதற்கப்புறம் ஓட்டுக் கேட்கப் போகும்போதெல்லாம் பிரமுகருக்கு அந்த வண்டிதான் வேண்டும்.

நான் அஞ்சு நிமிஷத்துக்கு விசுவாசமாக இருந்தேனா என்றால், இல்லை. என் மகளைப் பெண் பார்க்க ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வந்தார்கள். நாலு இடம் தட்டிப்போய், மனசுக்குப் பிடித்து அமைந்த சம்பந்தம். மொரப்பூர் ஸ்டேஷனுக்கு யார் வண்டியை எடுத்துப்போவது?

"அவரு வண்டி வேணாம்ங்க. வேர்த்து ஊத்திக்கிட்டு வந்து எறங்குனா என்ன நெனைப்பாங்க?" என்றாள் மனைவி. சரிதான் என்று பளபளவென்றிருந்த வேறொரு வண்டியை அமர்த்திக்கொண்டு போனேன்.

அவர்களை ஏற்றிக்கொண்டு ஏசி போட்டதும் முதலில் மல்லிகை வந்தது. அதன் பின்னாலேயே நனைந்த சாக்கு வந்தது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு வீசிங் உண்டென்று அப்போதுதான் தெரிந்தது. பாதி வழியில் வண்டியை நிறுத்தி, புளியமரத்தடியில் உட்கார வைத்தோம். மூச்சு வாங்க வாங்க, "திரும்பிரலாம்ங்க, அடுத்த ரயிலைப் புடிச்சிரலாம்" என்றார். வெட்கத்தைப் பார்க்காமல் அஞ்சு நிமிஷத்துக்குப் போன் போட்டேன்.

வந்தார். 'ஏன் என்னைக் கூப்பிடவில்லை' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் வண்டிக்குள் எந்த வாசனையும் இல்லை. அந்த அம்மா மெல்ல மூச்சு விட்டு, சாய்ந்து, கண்ணயர்ந்தும் விட்டார். நல்லம்பள்ளி நெருங்கியது. அஞ்சு நிமிஷத்தின் கை ஏசிப் பக்கம் போனது.

"இன்னைக்கு ஒரு நாள் விட்டுருங்க," என்று காதில் கெஞ்சினேன்.

"அந்தம்மா தூங்கறாங்கன்னா, அது இந்த அஞ்சு நிமிஷத்தாலதானுங்க" என்று அணைத்துவிட்டார்.

மாப்பிள்ளை குடும்பத்தோடு நனைந்து இறங்கினோம். வாசலில் நின்ற மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. மாப்பிள்ளையின் அம்மாவோ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஜாதகம் கெடக்கட்டும், மொதல்ல அந்த டிரைவர் நம்பரைக் குடுங்க" என்றார். பேச்சு அங்கேயே முடிவாகிவிட்டது.

கல்யாணத்தன்று காலையில் அலங்காரம் முடித்து, பியூட்டி பார்லரிலிருந்து மகளை மண்டபத்துக்கு அழைத்து வந்தது அவர்தான். முன் சீட்டில் நான். மண்டபத்துத் தெரு வந்தும் அவர் கை ஸ்டியரிங்கை விட்டு நகரவில்லை.

"அண்ணா, அஞ்சு நிமிஷம் வந்துருச்சுங்களே?" என்றாள் மகள்.

"இருக்கட்டும் பாப்பா. மூஞ்சி கலைஞ்சிரும்."

வாசல் வரை ஏசி ஓடியது. மகளை உள்ளே அனுப்பிவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம். ஓரமாக, வெயிலில், ஜன்னலெல்லாம் ஏற்றிய காருக்குள் உட்கார்ந்திருந்தார். ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் எடுத்துக்கொடுத்த புதுச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"உள்ள வாங்க, டிபன் சாப்பிடலாம்."

"நீங்க போங்க. அஞ்சு நிமிஷத்துல வந்தர்றேன்."

உள்ளே பெண்ணின் அப்பாவைத் தேடும் சத்தம் கேட்டது. நான் பக்கத்து சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த மனுஷனைத் தனியாக வேர்க்க விட எனக்கு மனசு வரவில்லை.