பதினேழாம் எண் பொருளாக என் அத்தை

பாதிக்கப்பட்டவர் என் அத்தை. அப்பாவுடன் பிறந்த அக்கா. ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து, சமீபத்தில்தான் ஓய்வு பெற்றவர். இழைக்கப்பட்ட அநீதி இதுதான்: ஒரு சனிக்கிழமை பகல் இரண்டு பத்திலிருந்து எட்டு பத்து வரை, ஒரு கேளிக்கைப் பூங்காவைச் சேர்ந்த அங்காடி உணவு வளாகத்தின் பொருள் வைப்பறையில், ஒரு குழந்தைத் தள்ளுவண்டிக்கும் ஒரு மடக்குக் கட்டிலுக்கும் நடுவில், மணிக்கட்டில் பதினேழாம் எண் சீட்டைக் கட்டி அவரை உட்காரவைத்தார்கள். அவருடைய ஓய்வு விருந்தை அவர் இல்லாமலே நாங்கள் நால்வரும் சாப்பிட்டு முடித்தோம். இதை எழுத உட்கார்ந்து மூன்று காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். கோபத்தில்தான். வெட்கத்தில் என்கிறாள் என் தங்கை. அவளுக்கு ஒன்பது வயது. அவள் பேச்சைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை.

அந்த வளாகத்தில் கடை என்று ஒன்று கிடையாது. செருப்புக் கடைக்குப் பெயர் 'பாத அனுபவம்'. ரொட்டிக் கடைக்குப் பெயர் 'மாவின் பயணம்'. வரிசையில் நிற்கும் இடம் 'எதிர்பார்ப்பு மண்டலம்'. கழிப்பறைக்கு வைத்திருக்கும் பெயரைக் கண்டுபிடிக்க எங்கள் அம்மாவுக்குப் பதினைந்து நிமிஷம் ஆயிற்று. அது அவருக்கு நல்ல பதினைந்து நிமிஷமாக இல்லை. மொத்தத்தில், வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க நேரமில்லாதவர்கள் கைப்பேசியில் முன்பதிவு செய்துகொண்டு வந்து பார்த்துவிட்டுப் போகும் இடம். இப்போது எல்லாரும் அங்கேதான் போகிறார்கள். அதனால் நாங்களும் போனோம். ஆறு மணிக்கு அத்தைக்காக மேஜை சொல்லிவைத்தது நான்தான்.

வாசலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'குடும்ப மகிழ்ச்சிப் பதிவுப் படிவம்.'

"அக்கா, பேனா," என்றார் அப்பா. அத்தை தன் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தார்.

"அண்ணி, தலைவலி மாத்திரை," என்றார் அம்மா. மாத்திரையும் வந்தது.

"அத்தை, தண்ணி!" என்றாள் தங்கை. தண்ணீரும் வந்தது. நான் கைக்குட்டை கேட்டேன். அதுவும் வந்தது.

படிவத்தில் நான்கு வரிகள். பெரியவர் ஒன்று, பெரியவர் இரண்டு, இளையவர் ஒன்று, இளையவர் இரண்டு. அதற்குக் கீழே தனியாக ஒரு வரி: 'உடன் கொண்டுவந்தவை.'

என் அப்பாவைப் பற்றி இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். அவர் ஆவணக் காப்பகத்தில் இருபத்தாறு வருஷமாகப் படிவங்களைச் சரிபார்ப்பவர். காலியான கட்டத்தைப் பார்த்தால் மற்றவர்களுக்குப் பாம்பைப் பார்த்தால் என்ன ஆகுமோ அது அவருக்கு ஆகும். நான்கு வரியில் நான்கு பேரை எழுதினார். ஐந்தாவது ஆளுக்கு இடமில்லை. கீழே ஒரு வரி காலியாக இருந்தது. அங்கே, அத்தையின் பேனாவால், அச்சடித்த மாதிரி எழுதினார்: 'அக்கா - 1.'

கவுன்டரில் இருந்தவர் ஒரு 'மகிழ்ச்சி உதவியாளர்'. வேலை நேரத்தில் அணைக்கக் கூடாத விளக்கு மாதிரி ஒரு சிரிப்பு வைத்திருந்தார்.

"உடன் கொண்டுவந்தவை, அக்கா, ஒன்னு," என்று வாசித்தார். நிமிர்ந்து அத்தையை அளவெடுத்தார். "சார், முழங்கால் உயரத்துக்கு மேல இருக்கற பொருளை உள்ளே கொண்டுபோக முடியாது. வைப்பறையில விட்டுட்டுப் போகணும்."

"அது பொருள் இல்லைங்க, ஆள்," என்றேன் நான்.

"ஆள்னா மேலே எழுதியிருப்பாங்களே மேடம்."

"மேலே இடம் இல்லை."

"ஆமாம் மேடம். அதனாலதான் கீழே எழுதியிருக்காங்க."

"குடும்பம்னா நாலு பேர்தான்னு யாருங்க முடிவு பண்ணது?"

"மேஜையில நாலு நாற்காலிதான் மேடம் இருக்கு."

"அஞ்சாவதா ஒரு நாற்காலி போடலாமே?"

"குடும்பத்துல நாலு பேர்தானே மேடம். அஞ்சாவது நாற்காலி எதுக்கு?"

பல்கலைக்கழகத்தில் விவாதப் போட்டியில் மூன்று கோப்பை வாங்கியவள் நான். இந்த வாதத்தை எந்தப் பக்கத்திலிருந்து பிடிப்பது என்றே தெரியவில்லை. சரி, திருத்தித் தாருங்கள் என்றேன். திருத்தப் படிவத்தில் சம்பந்தப்பட்டவரே கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

"குடும்மா, போடறேன்," என்று அத்தை கையை நீட்டினார்.

"பொருள் கையெழுத்துப் போட முடியாதும்மா."

பிடித்துக்கொண்டேன். "இப்ப 'அம்மா'ன்னு கூப்பிட்டீங்களா இல்லையா? தள்ளுவண்டியை அம்மான்னு கூப்பிடுவீங்களா?"

"எல்லாரையும் எல்லாத்தையும் மரியாதையா கூப்பிடணும்னு எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்காங்க மேடம்."

சத்தம் கேட்டு 'மூத்த மகிழ்ச்சி அலுவலர்' வந்தார். வழுக்கை, கழுத்துப்பட்டை, நெஞ்சில் ஒரு சூரியன் படம். நிலைமையை விளக்கினேன். அவர் நான் சொன்னதைக் கேட்கவில்லை, படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை நிரப்பினது யாரு?"

அப்பா பயந்துபோய்க் கையைத் தூக்கினார்.

"சார், பதினாலு வருஷ சர்வீஸ்ல இவ்வளவு சுத்தமான படிவத்தை நான் பார்த்ததில்லை. ஒரு அடித்தல் இல்லை, ஒரு கட்டம் காலியில்லை."

இருபத்தாறு வருஷத்தில் அப்பாவிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. அவர் முகம் கல்யாணப் படத்தில்கூட அவ்வளவு நன்றாக இல்லை.

"அப்பா, அதை அடிச்சிட்டு மேலே எழுதுங்க," என்றேன்.

"அடிச்சா அசிங்கமாயிடும்மா," என்றார் அப்பா மெதுவாக. "ஒரு மணி நேரம்தானே?"

ஒரு மணி நேரம் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. வைத்த பொருளைத் திரும்ப வாங்க, குடும்பச் செயல்பாட்டு அட்டையில் நான்கு முத்திரை விழுந்திருக்க வேண்டும். சிலர் பொருளை வைத்துவிட்டு, மகிழாமலே வீட்டுக்குப் போய்விடுகிறார்களாம். அதைத் தடுக்க இந்த ஏற்பாடு.

"போயிட்டு வாங்க கண்ணு," என்றார் அத்தை. "நான் எங்கே ஓடிடப்போறேன்?"

"ஓட முடியாதும்மா," என்றார் அலுவலர் கனிவாக. "சீட்டுக்குள்ள மணி இருக்கு."

கதவு மூடிய பிறகுதான் அம்மா தலையில் கை வைத்தார். "ஐயையோ, பை அண்ணிகிட்டயே போயிடுச்சு!" பை, பொருளுக்குள் இருக்கும் பொருளாகப் பதிவாகிவிட்டது. அந்த ஆறு மணி நேரத்தில் நாங்கள் அத்தையை நினைத்தது பதினொரு தடவை. அதில் எட்டு தடவை பையை.

முதல் முத்திரை, சேர்ந்து வண்ணம் தீட்டுவதற்கு. ஒரே தூரிகையை நான்கு பேரும் பிடித்து ஒரு தட்டில் பூ வரைய வேண்டும். நாங்கள் வரைந்ததைப் பார்த்த உதவியாளர், "நல்ல மீன்," என்று முத்திரை குத்தினார்.

இரண்டாவது, ஒரே மாதிரி உடை. நெஞ்சில் 'நாங்கள் ஒன்று' என்று அச்சடித்த சட்டை. நான்கு பேருக்கும் ஒரே அளவு. இல்லாவிட்டால் எப்படி ஒன்றாவது? தங்கைக்குக் கணுக்கால் வரை வந்தது. அப்பாவுக்குத் தொப்புளோடு நின்றது. அப்படியே ஐம்பது தப்படி நடந்தோம். எதிரே இன்னும் பல குடும்பங்கள் 'நாங்கள் ஒன்று' போட்டுக்கொண்டு, ஒருவரை ஒருவர் முறைத்தபடி நடந்தார்கள்.

மூன்றாவது, பரஸ்பரப் பாராட்டு அறை. ஏழு நிமிஷம், பெரியவர்கள் மட்டும் பேச வேண்டும். மேற்பார்வைக்கு ஒருவர் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார்.

அப்பா யோசித்தார். "நீ... காலையில நேரத்துக்கு எழுந்திருக்கற."

அம்மா யோசித்தார். "நீங்க ஒருநாள் குறை சொல்லாம சாப்பிட்டீங்க."

"எந்த நாளு?"

"அதான், ஒருநாள். போன வருஷம்."

"ஆமா, அன்னிக்குச் சமையல் பிரமாதமா இருந்துச்சே!"

"அன்னிக்குச் சமைச்சது உங்க அக்கா."

"இது பாராட்டுல சேராது," என்றார் மேற்பார்வையாளர். "இன்னும் அஞ்சே முக்கால் நிமிஷம் இருக்கு."

அந்த அஞ்சே முக்கால் நிமிஷத்தை நான் எழுதப்போவதில்லை. இருவரும் உயிரோடு இருக்கிறார்கள்.

நான்காவது முத்திரை எதற்கு என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். 'சேர்ந்து உண்ணுதல்.' அதாவது, அத்தையை விடுவிக்க நாங்கள் விருந்து சாப்பிட்டாக வேண்டும். அந்த விருந்தே அத்தைக்குத்தான். ஆனால் அத்தையை விடுவிக்காமல் அத்தை விருந்துக்கு வர முடியாது. இதை உணவகத்தின் வாசலில் நின்று பரிமாறுபவருக்கு மூன்று முறை விளக்கினேன்.

"புரியுதுங்க," என்றார் அவர். "அப்ப சீக்கிரம் சாப்பிடுங்க."

சீக்கிரம் சாப்பிட விடவில்லை. சேர்ந்து உண்ணுதல் என்றால் குறைந்தது தொண்ணூறு நிமிஷம். அதற்கு முன்னால் எழுந்தால் முத்திரை கிடையாது. நான் சொல்லிவைத்திருந்த கேக் வந்தது. மேலே 'இனி ஓய்வெடுங்கள்' என்று எழுதியிருந்தது. யார் வெட்டுவது என்று ஒரு சிக்கல். இருப்பவர்களில் மூத்தவர் வெட்டலாம் என்றார்கள், அப்பா வெட்டினார். பக்கத்து மேஜைக்காரர்கள் கைதட்டி, "இனிமே நிம்மதியா இருங்க சார்," என்றார்கள். அப்பா நன்றி சொன்னார். நான் என் எதிர்ப்பைத் தெளிவாகப் பதிவு செய்துவிட்டுத்தான் சாப்பிட்டேன். இரண்டு துண்டு.

எட்டு மணிக்கு வைப்பறைக்கு ஓடினோம். திரைக்கு முன்னால், காதில் பென்சில் செருகிய ஒரு காப்பாளர் அம்மாள்.

"பதினேழா? அடையாளம் சொல்லுங்க. மாறிப்போய் வேற யாருதாவது எடுத்துட்டுப் போயிட்டா நான்தானே பதில் சொல்லணும்? என்ன நிறத்துல உடுத்தியிருந்தாங்க?"

"நீலம்," என்றார் அப்பா.

"பச்சைங்க," என்றார் அம்மா.

காப்பாளர் என்னைப் பார்த்தார். ஒரு மனுஷியை அவர் உடுத்தியிருக்கும் நிறத்தை வைத்து அடையாளம் காண்பது எவ்வளவு கேவலமான முறை என்பதை நான் நான்கு நிமிஷம் விளக்கினேன். அவர் என் பெயருக்கு நேரே 'தெரியாது' என்று குறித்துக்கொண்டார்.

"ஊதா," என்றாள் தங்கை. "கைப்பட்டன் ஒன்னு இல்லை. காலையில நான்தான் ஊக்கு குத்திவிட்டேன்."

திரை விலகியது. அத்தை செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, மடக்குக் கட்டிலில் காலை நீட்டி, கையில் தேநீரோடு எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

"அதுக்குள்ள வந்துட்டீங்களா?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நான் புகார் எழுத உட்கார்ந்தேன். பதினொரு பக்கம், முப்பத்து நான்கு குற்றச்சாட்டுகள். மனித கண்ணியம் பற்றி மட்டும் இரண்டரை பக்கம். அத்தையைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். அப்பாவுக்குப் பேனா எடுத்துக் கொடுத்த மாதிரியே எனக்கும் காகிதம், உறை எல்லாம் எடுத்துக் கொடுத்து, தபாலிலும் அவரே கொண்டுபோய்ச் சேர்த்தார்.

சரியாக முப்பதாம் நாள் பதில் வந்தது. ஒரு எழுத்து மாற்றாமல் தருகிறேன்:

"மதிப்பிற்குரிய இளையவர் ஒன்று அவர்களுக்கு,

தங்கள் புகார் உரிய கவனத்துடன் பரிசீலிக்கப்பட்டது. மேற்படி நபரைப் பொருள் என எழுதியது வளாகம் அன்று, தங்கள் குடும்பத் தலைவரே என்பதைத் தெளிவான அவரது கையெழுத்து காட்டுகிறது. அப்படிவத்தை எங்கள் பயிற்சி வகுப்புகளில் மாதிரியாகப் பயன்படுத்தி வருகிறோம் என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

படிவத்தில் குறை உள்ளது என்ற தங்கள் வாதம் ஏற்கப்படுகிறது. ஒரு வரி போதவில்லை. தங்கள் வருகைக்குப் பின் இதுவரை நாற்பத்தொரு குடும்பங்கள் தாமாகவே அவ்வரியில் ஆட்களை எழுதியுள்ளன. மாமியார் பதினெண்மர், மாமனார் பன்னிருவர், கணவர் ஒன்பதின்மர், வகை தெரியாதோர் இருவர். திரும்பப் பெறும் நேரத்தை மறுநாள் வரை நீட்டிக்க இயலுமா எனப் பலர் கேட்டுள்ளனர். எனவே அவ்வரி மூன்றாக உயர்த்தப்படுகிறது.

இறுதியாக, தங்கள் அத்தை அவர்கள், தங்கள் புகார் வந்த அதே உறையில் தமது தனி விண்ணப்பம் ஒன்றையும் இணைத்திருந்தார். பொருட்கள் கையெழுத்திட இயலாது என்ற விதி, பொருளே விரும்பி வரும் நேர்வுகளில் தளர்த்தப்படுகிறது. அதன்படி, வரும் மாதம் முதல் எல்லாச் சனிக்கிழமைகளிலும் பதினேழாம் எண் இடம் அவருக்கு ஒதுக்கப்படுகிறது. குடும்பத்தார் உடன் வர வேண்டியதில்லை. விண்ணப்பத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில் அவர் எழுதியிருப்பதைத் தங்கள் தகவலுக்காக அப்படியே தருகிறோம்:

'ஆறு மணி நேரத்தில் ஒருத்தர்கூட என்னைக் கூப்பிடவில்லை.'"