திறப்பு விழாவில் பருப்பு விலை

என் மகளுக்கு விலை பார்த்து வாங்கச் சொல்லிக்கொடுத்தது நான்தான். என் மனைவி சுமதி இதைச் சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிவிட்டதால் இனி மறைத்துப் பயனில்லை.

யாழினிக்கு அப்போது ஆறு வயது. கடைக்குப் போனால் கைக்கு எட்டியதையெல்லாம் கூடையில் போடுவாள். விலை தெரிந்தால் அடங்குவாள் என்று நினைத்தேன் (அடங்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்). கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் தெருமுனை மளிகைக் கடைதான் வகுப்பறை. "இது எவ்வளவு, அது எவ்வளவு, எது கம்மி?" என்று கேட்டுக்கேட்டு, ஒரே மாதத்தில் கடை மொத்தத்தையும் மனப்பாடம் செய்யவைத்தேன். வாய்ப்பாடு மட்டும் இரண்டைத் தாண்டவில்லை. ஆனாலும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தச் சமயத்தில் சுமதியின் அண்ணன், பத்து வருடம் ஓட்டிய லாரியை விற்று, நாமகிரிப்பேட்டையில் மளிகைக் கடை திறந்தார். திறப்பு விழாவுக்கு உறவு மொத்தமும் வந்திருந்தது. பூஜை முடிந்ததும் ஆளுக்கொரு கூடையோடு உள்ளே நுழைந்தார்கள். மச்சான் யாழினியின் தலையைத் தடவி, "வேணுங்கறத எடுத்துக்க சாமி" என்றார்.

வேறு குழந்தையாக இருந்தால் சாக்லேட்டை எடுத்திருக்கும். இவள் துவரம்பருப்பு பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"மாமா, இது எங்கூர்ல நாலு ரூவா கம்மிங்க."

சுமதியின் சித்தி தன் கூடையிலிருந்த பருப்பை எடுத்து, ஒருமுறை பார்த்துவிட்டு, மெதுவாக அலமாரியில் வைத்தார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வைத்தார்கள்.

"உளுந்து ஆறு ரூவா ஜாஸ்திங்க" என்றாள் யாழினி. பிறகு பெரிய மனது பண்ணி, "சக்கரை ஒரே வெலைதானுங்க. வாங்கலாம்" என்றாள்.

ஓடிப்போய் அவளைத் தூக்கினேன்.

"கண்ணு, இது மாமா கடை. இங்கெல்லாம் வெலை பாக்கக் கூடாது."

"ஏனுங்கப்பா?"

(ஒரு மாதப் பாடத்தில் இந்தக் கேள்வி வரவே இல்லை.)

"புதுக் கடையில்ல, முன்னப்பின்ன இருக்கும்."

"நீங்கதான கார்ல வாரப்ப சொன்னீங்க? மச்சான் கடையில எப்படியும் ஜாஸ்தியாத்தான் இருக்கும், ஒரு பாக்கெட் உப்பு மட்டும் வாங்கிட்டு வந்தரலாம்னு."

மச்சான் கல்லாவையே பார்த்துக்கொண்டிருந்தார். சுமதி என்னைப் பார்த்த பார்வையில், இரவு சாப்பாடு கிடையாது என்று தெரிந்துவிட்டது. மானத்தைக் காப்பாற்றப் பத்து கிலோ பருப்பை எடுத்துக் கூடையில் அடுக்கினேன். யாழினி கூடவே வந்து ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் விரல் விட்டு எண்ணினாள். "நாலு போச்சுங்க. எட்டு போச்சுங்க. பன்னண்டு போச்சுங்க." நாலாம் வாய்ப்பாடு அவளுக்கு வந்தது அன்றுதான்.

கடைசியில் மச்சான் ஒரு காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அவள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். "வேற எதெல்லாம் ஜாஸ்தி, சொல்லு சாமி." அவள் சொல்லச்சொல்ல எழுதினார். மொத்த வியாபாரி அவரை நன்றாக ஏமாற்றியிருந்தது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. மறுநாளே சரக்கெடுக்கும் இடத்தை மாற்றினார். கடை இன்று நன்றாக ஓடுகிறது. அந்தப் புண்ணியம் முழுக்க யாழினி கணக்கில் போய்விட்டது.

எனக்குக் கிடைத்தது வேறு. சுமதி வீட்டு விசேஷம் எதிலாவது நான் பந்தியில் உட்கார்ந்தால் போதும், மச்சான் வேலையை விட்டுவிட்டு வந்து பரிமாறுகிறவரிடம் பணிவாகச் சொல்கிறார்: "மாப்ளைக்கு உப்பு மட்டும் வைங்க. அவருக்கு அது போதுமுங்க."