அப்பா வாங்கிய கொண்டை

இனிமேல் இந்த வீட்டில் தலைமயிரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்று அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை தீர்மானம் நிறைவேற்றினார். பிரேரித்தவர் அப்பா. வழிமொழிந்தவரும் அப்பா. எதிர்த்து வாக்களித்தவள் நான். அம்மா வாக்களிக்கவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. அந்த வெங்காயமும் கறிக்கல்ல, அவவின் தலைக்கு.

அம்மாவுக்குத் தலைமயிர் கொட்டத் தொடங்கியிருந்தது. சீப்பில் கொட்டியது, தலையணையில் கொட்டியது, சோற்றுக்குள் விழுந்து அப்பாவின் தொண்டைக்குள் போய்ச் சண்டை பிடித்தது. ஒழுங்கை போல இருந்த வகிடு கண்டி றோட்டாக அகன்றுவிட்டது. யுத்த காலம். நித்திரை இல்லை, நிம்மதி இல்லை, கடற்படை முகாம் பக்கம் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழேதான் சீவியம். ஊரில் பாதிச் சனம் இடம்பெயர்ந்துவிட்டது. மயிர் மட்டும் ஏன் நிற்க வேண்டும்?

ஆனால் அப்பாவுக்கு அது தேசியப் பிரச்சினை. துறைமுகக் கந்தோரில் தலைமை லிகிதர் அருளம்பலம் என்றால் எல்லோருக்கும் தெரியும். அவருடைய மனைவி குணேஸ்வரியின் கூந்தலும் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் இவர்தான் சொல்லித் திரிந்தவர். அப்பாவின் தலையோ துறைமுகத்து எண்ணெய்த் தாங்கி மாதிரி மினுங்கும். வெயிலில் அவரோடு கதைப்பவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் கதைப்பார்கள்.

நான் விடுவேனா? நான் படித்த பல்கலைக்கழகக் கம்பஸை மூடிவிட்டார்கள். வாதாட ஆளில்லாமல் நாக்குத் துருப்பிடித்துப்போய் வீட்டில் இருந்த நேரம் அது.

"அப்பா, உங்களுக்கு வழுக்கை விழேக்குள்ள இந்த வீட்டில ஒரு தீர்மானமும் வரேல்லையே?"

"ஆம்பிளைக்கு வழுக்கை விழுந்தால், நல்லா யோசிக்கிற மனிசன் எண்டு சொல்லுவினம், பிள்ளை."

"அம்மாவும் யோசிக்கிறாதானே."

"அவ என்னத்தை யோசிக்கிறது?"

குசினிக்குள் கத்தி ஒரு நொடி நின்றது. பிறகு வெங்காயம் வெட்டும் சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டது.

அப்பாவின் வைத்தியங்கள் ஆரம்பமாயின. செவ்வரத்தம் இலையை அரைத்துப் பூசினார். தலை வழவழவென்று வெண்டிக்காய்க் கறியானது. கன்னியா வெந்நீர் ஊற்றுத் தண்ணீரைப் போத்தலில் எடுப்பித்தார். வந்து சேரும்போது அது பச்சைத் தண்ணீராகிவிட்டது, திரும்பச் சூடாக்கி ஊற்றினார். கந்தோரில் ஒருவர் சொன்னாரென்று பச்சை முட்டை. அன்றைக்கு முழுக்கத் தெருப் பூனைகள் அம்மாவை விட்டு விலகவில்லை. பக்கத்து வீட்டுத் திரேசம்மா அன்ரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

"என்ன குணம், தலையில கேக் அடிக்கிறியளோ?"

"இவர் சொன்னவர், திரேசம்மா."

"இவர் சொன்னால் செய்யிறதோ? அவற்ற தலையில ஒண்டையும் முளைக்கப் பண்ண ஏலாதவர், உம்மட தலையில வந்து பயிர் செய்யிறாரோ?"

அம்மா சிரிக்கவில்லை. ஆனால் முட்டை குலுங்கியது.

இந்த நேரம் பார்த்துத் தம்பலகாமத்திலிருந்து கலியாணச் சொல்லு வந்தது. அம்மாவின் தம்பி மகளுக்குக் கலியாணம். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கனகாலம் காணவில்லை. பாதை மூடுவதும் திறப்பதுமாக இருந்த காலத்தில், பிறந்த வீட்டுச் சனத்தை அவ பார்த்தே வருசங்கள் போய்விட்டன.

"போவம். ஆனால் உந்தத் தலையோட ஏலாது," என்றார் அப்பா.

"வேற தலைக்கு எங்க போறது?" என்றா அம்மா.

"உம்மட சனம் என்ன சொல்லும்? அருளம்பலம் பெண்டிலுக்குச் சோறு போடேல்லை, வைச்சுப் பார்க்கேல்லை, அதுதான் மயிரெல்லாம் கொட்டிப்போச்சு எண்டு சொல்லாதுகளோ?"

பார்த்தீர்களா? மயிர் அம்மாவின் தலையில். மானம் அப்பாவின் தலையில். இதைப் பற்றி நான் அரை மணித்தியாலம் பேசினேன். அப்பா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

அடுத்த கிழமை கொழும்புக்குப் போய்வந்த லெஸ்லி மாமா, கந்தோரில் அப்பாவுக்குப் பக்கத்துக் கதிரைக்காரர், ஒரு கடுதாசிப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். திறந்தால், உள்ளே ஏதோ செத்துக் கிடக்கிறதென்றுதான் நினைத்தேன். சவுரி முடி. விரித்தால் முழங்கால் வரைக்கும் வரும். சுற்றினால் முற்றின தேங்காய் அளவு கொண்டை. அப்பா அதைக் கையில் ஏந்தி, முதல் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். என்னை அப்படிப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அம்மா கட்டிப் பார்த்தா.

"பாரமாக் கிடக்குது, இஞ்சாருங்கோ. ஊசி குத்தின இடத்தில இருக்கிற நாலு மயிரும் இழுபட்டுக் கழண்டு வருகுது. தலை அவியுது."

"கலியாண வீட்டில மட்டும்தானே. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்."

"நான் என்ர தலையோட போறனே?"

"கொண்டை இல்லாட்டிப் பயணம் இல்லை." அப்பா எழும்பிவிட்டார். கூட்டம் கலைந்தது.

அம்மா அன்றைக்குக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, தன் சொந்த முடியைப் பாக்களவு முடிச்சாகச் சுற்றி, ஒரு தரம் பார்த்தா. பிறகு அவிழ்த்துவிட்டா. அந்தப் பார்வையை நினைத்தால் இப்பவும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கலியாணத்தன்று காலையில் பஸ் ஏறினோம். அம்மா கூறைச் சேலையில், தலையில் தேங்காயோடு. அப்பா கஞ்சி மா போட்டு மினுக்கின வெள்ளைச் சேட்டில், பெருமையோடு. பஸ் நிறையத் தம்பலகாமத்துச் சனம். பாதிப் பேர் அதே கலியாண வீட்டுக்கு. "குணம் அக்காவின்ர தலைமயிர் அப்பிடியே இருக்குது" என்று ஒரு மனிசி சொல்ல, தலைமயிரின் சொந்தக்காரர் மாதிரி அப்பா தலையாட்டினார்.

முதல் சென்றியில், ஆமிக்காரரின் சோதனைச் சாவடியில், எல்லோரையும் இறக்கினார்கள். ஆண்கள் வெயிலில் ஒரு வரிசை. பெண்கள் தகரக் கொட்டிலுக்குள். எங்களுடைய சென்றிகளின் வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே? கைப்பையைப் பார்ப்பார்கள், பிறகு கொண்டையைப் பிடித்துப் பார்ப்பார்கள். கொண்டைக்குள் என்னவும் இருக்கலாமாம். கொண்டையை வாங்கிவந்த அப்பாவுக்கு இது நினைவில் இல்லை. ஆண்களின் வரிசையில் தலையைத் தடவுவதில்லை. அப்பாவினுடையதைத் தடவினாலும் வழுக்கி விழுந்துவிடுவார்கள்.

உள்ளே நின்ற சிப்பாய்ப் பெட்டைக்கு என் வயதுதான் இருக்கும். வியர்த்து வழிந்துகொண்டு, அம்மாவின் தலைக்குக் கை நீட்டினாள்.

"கொண்டை பாக்கணும்."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

"ஏன் பார்க்கோணும்? ஒரு பொம்பிளையின்ர தலையைத் தொட உங்களுக்கு ஆர் உரிமை தந்தது? நீங்களும் ஒரு பொம்பிளைதானே? உங்கட அம்மாவின்ர தலையை இப்பிடி ஆரும் பிடிச்சால் பார்த்துக்கொண்டு நிப்பியளோ?"

தமிழில் சொன்னேன். இங்கிலிசில் சொன்னேன். கை இரண்டாலும் சொன்னேன். எனக்குப் பின்னால் நின்ற பெண்கள் "ஓம், ஓம்" என்றார்கள். அந்தப் பெட்டை என்னைப் பார்த்தாள், வரிசையின் நீளத்தைப் பார்த்தாள், நெற்றியைத் துடைத்தாள்.

"சரி, சரி. போ, போ."

வென்றுவிட்டேன்! என் வாழ்க்கையில் நான் முழுதாக வென்ற முதல் வாதம். அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவவின் முகத்தில் சந்தோசத்தைக் காணோம். கையிலிருந்த பை நழுவியது. அதை எடுக்க அம்மா குனிந்தா. சும்மா குனியவில்லை, கோயில் வாசலில் விழுந்து கும்பிடுகிறவர்கள் மாதிரிக் குனிந்தா.

கொண்டை கழன்றது. தொப்பென்று விழுந்து, உருண்டு, அந்தப் பெட்டையின் சப்பாத்தில் முட்டி நின்றது.

அவள் கத்தினாள். விசில் ஊதினார்கள். "படு! படு!" என்று சத்தம். முழு வரிசையும் தரையில். எல்லோருக்கும் முதல் விழுந்தவர், மா போட்ட சேட்டோடு, அப்பா.

ஒருவர் மண்மூட்டைக்குப் பின்னாலிருந்து நீளத் தடியால் கொண்டையைக் குத்தினார். கொண்டை வெடிக்கவில்லை, அவிழ்ந்தது. இன்னும் குத்தினார். முழு நீளத்துக்கும் விரிந்து காற்றில் ஆடியது. தடி முனையில் அதைத் தூக்கிக்கொண்டு அதிகாரி வெளியே வந்தார்.

"இது ஆரின்ர?"

முழு பஸ்ஸும் படுத்தபடி பார்த்தது. நான் அம்மாவுக்காக வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அம்மா முன்னுக்குப் போய்ச் சிங்களத்தில், அதுவும் தங்குதடையில்லாத சிங்களத்தில், சொன்னா:

"அது எங்கட மாத்தயாவின்ர, என்ர மனிசன்ர."

அப்பா படுத்த இடத்திலிருந்து தலையை நிமிர்த்தினார். வெயில் பட்டு மினுங்கியது. அதிகாரி அந்தத் தலையைப் பார்த்தார். தடியில் தொங்கிய மயிரைப் பார்த்தார். இரண்டுக்கும் பொருத்தம் இருப்பது முழு உலகத்துக்கும் தெரிந்தது.

"அப்ப ஏன் உன்ர தலையில?"

"கலியாண வீட்டுக்குப் போறம், சேர். அவருக்கு வழியில போட வெக்கம். பையில வைச்சால் நசிஞ்சுபோகும். அதுதான் நான் வைச்சுக்கொண்டு வாறன்."

அப்பா எழும்பினார். சேட்டில் ஒட்டின மண்ணைத் தட்டினார். என்ன சொல்ல முடியும்? இல்லை, என் மனைவிக்குத்தான் மயிரில்லை, நான்தான் கட்டாயப்படுத்திப் பொய்க் கொண்டை கட்டினேன் என்று தம்பலகாமத்துச் சனம் நிறைந்த பஸ்ஸுக்கு முன்னால் சொல்ல முடியுமா?

"ஓம்," என்றார் அப்பா. "என்ர."

அதிகாரியின் முகம் இளகியது. தன் தொப்பியைக் கழற்றினார். உள்ளே இன்னொரு எண்ணெய்த் தாங்கி. அவர் அப்பாவின் தோளில் கை வைத்து, "இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை," என்று சிங்களத்தில் ஆறுதல் சொன்னார். "ஆனால் சாமானை மறைச்சுக் கொண்டுபோகக் கூடாது. போடுங்கள். திரும்பி வரும்போதும் இது உங்களோடு வர வேண்டும். காணாமல் போனால், ஆருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்பேன்."

அம்மா மிகுந்த பக்தியோடு அந்த மயிரை அப்பாவின் தலையில் விரித்து, அவருடைய கைலேஞ்சியால் நெற்றியைச் சுற்றிக் கட்டிவிட்டா. பின்னால் பார்த்தால் சாமியார். முன்னால் பார்த்தால் வேசம் கட்டி மேடை கிடைக்காத கூத்துக்காரர்.

பஸ் ஓடத் தொடங்கியது. அப்பா பல்லுக்குள்ளால் கேட்டார்:

"உமக்கு எப்ப தொடக்கம் சிங்களம் தெரியும்?"

"நீங்கள் சந்தைக்குப் போறதை விட்ட நாள் தொடக்கம்."

அந்த அதிகாரி அடுத்தடுத்த சென்றிகளுக்கெல்லாம் வயர்லெஸ்ஸில் சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் "முடி மாத்தயா எங்க?" என்று கேட்டு, அப்பாவை மட்டும் இறக்கி, சுற்றி நின்று பார்த்து, மரியாதையாக ஏற்றிவிட்டார்கள். கொண்டக்டர் அன்ஸார் ஒவ்வொரு தரமும், "ஐயா, மயிரைப் பாத்து இறங்குங்க," என்றார்.

தம்பலகாமத்தில் இறங்கினதும் நான் சொன்னேன்: "இனிக் கழட்டுங்கோ அப்பா. கையில வைச்சிருங்கோ."

"கையில வைச்சிருந்தால் உன்ர கொம்மாவின்ர எண்டெல்லோ நினைப்பினம்," என்றார் அப்பா. மானத்தைத் தலையிலேயே வைத்துக்கொண்டு கலியாண வீட்டுக்குள் நுழைந்தார்.

மேளக்காரர் ஒருவர் அடிப்பதை நிறுத்தினார். பிள்ளைகள் அப்பாவுக்குப் பின்னால் ஊர்வலமாக வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து வணக்கம் சொல்லிவிட்டு, எந்த ஆச்சிரமம் என்று கேட்டார்கள். அன்றைக்கு முழுக்க அந்தப் பந்தலில் அத்தனை கண்ணும் ஒரே தலையில். பாக்களவு முடிச்சும் கண்டி றோட்டு வகிடுமாக வந்த அம்மாவின் தலையை ஒரு சீவனும் பார்க்கவில்லை.

மணப்பெண்ணின் தாய் கமலேஸ்வரி மாமி அம்மாவைக் கட்டிப் பிடித்தா.

"மச்சாள், நீங்கள் அப்பிடியே இருக்கிறியள்! அண்ணைதான் பாவம்... எப்ப தொடக்கம் இப்பிடி?"

"இப்ப கொஞ்ச நாளா."

"நீங்கள்தான் வைச்சுப் பார்க்கோணும்."

"பார்க்கிறன்தானே," என்று சொல்லி, அம்மா பெண்களுக்கு நடுவில் காற்றாடிக்குக் கீழே போய் இருந்து, கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தா. இருந்த நாலு மயிரும் காற்றில் சந்தோசமாகப் பறந்தன. பெண்களின் தலைமயிர் அவர்களுடைய சொந்த விசயம் என்று நான் வழியெல்லாம் தயார்படுத்தி வந்த பேச்சைக் கேட்க அங்கே ஒரு ஆளில்லை.

சாப்பாடு முடிந்து கை கழுவும் இடத்தில் அம்மாவைத் தனியாகப் பிடித்தேன்.

"அம்மா, அது தானாக் கழண்டதோ?"

"ஊசியெல்லாத்தையும் வீட்டிலயே கழட்டி வைச்சிட்டுத்தான் வந்தனான். அந்தப் பெட்டை தொட்டால் போதும், விழுந்திருக்கும்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கொள்கையளவில் அம்மாவின் பக்கம் நின்ற ஒரே ஆள் நான். "எனக்கெண்டாலும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே? நான் எவ்வளவு உதவி செய்திருப்பன்!"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தா.

"நான் சொல்லாமலே நீ செய்த உதவியில, பிள்ளை, நான் இண்டைக்குக் கொண்டையோடதான் தம்பலகாமம் வந்து சேர்ந்திருப்பன்."