சம்பந்தி வீட்டுக்கு ஒரு மேல்பெட்டி

"உயரம் எவ்வளவு?" என்று மறுபடியும் கேட்டார் அளவுக்காரர்.

"இதோ சீட்டுல போட்டிருக்கு சார்," என்று பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார் விற்பனையாளர்.

"சீட்டு சொல்றது இருக்கட்டும். பெட்டி என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

சட்டைப் பையிலிருந்து அளவு நாடா வெளியே வந்தது. எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தராசுத் தட்டின் அடியில் மெழுகு ஒட்டி வைத்திருந்த கடைக்காரர்கள், அவர் தெருமுனை திரும்பும்போதே சுரண்டத் தொடங்கிவிடுவார்களாம். பணியில் இருந்த காலம் முழுவதும் எந்தக் கடையிலும் ஒரு வாய்த் தேநீர்கூடச் சும்மா வாங்கிக் குடித்ததில்லை. அப்படிப்பட்டவருக்கு 'அளவுக்காரர்' என்ற பெயர் வந்ததில் வியப்பில்லை. அந்தப் பெயருக்கு அவர் ஒரு நாளும் குறை வைக்கவில்லை என்பதுதான் பெருமை.

கார் மேல் பொருத்தும் பெட்டிகள், கவிழ்த்துப் போட்ட படகுகளைப் போலக் கடைச் சுவரெங்கும் தொங்கின. மகன் கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு நின்றான்.

"இது தாராளமா நாலு சூட்கேஸ் கொள்ளும் சார். உங்களுக்கு எவ்வளவு உயரம் வரைக்கும் இருக்கலாம்னு சொல்லிட்டீங்கன்னா போதும்," என்றார் விற்பனையாளர்.

அளவுக்காரர் நாடாவைச் சுருட்டினார். ஓர் அளவைக் கேட்டு அவரிடம் பதில் இல்லாமல் போனது அதுதான் முதல் தடவை.

அவருக்குத் தெரிய வேண்டியது, சம்பந்தி வீட்டுப் போர்ட்டிகோவின் உயரம்.

மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு முதன்முதலாக அந்த வீட்டுக்குப் போனபோது, சாமான்களைக் காரின் மேல் அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். கேட்டைத் தாண்டிப் போர்ட்டிகோவுக்குள் நுழைந்ததும் கூரை மூட்டையைப் பிடித்துக்கொண்டது. கார் மட்டும் உள்ளே போனது. கயிறு அறுந்தது. தலையணைகள் சரிந்தன. வெளியூரில் குளிப்பதற்கென்றே அளவுக்காரர் கொண்டுபோகும் சொந்த வாளி, உருண்டு தெருவுக்கே போய்விட்டது. தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள். சம்பந்தி சிரிக்கவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போய், வாளியைத் தாமே எடுத்துக்கொண்டு வந்தார். அந்த மௌனம்தான் அளவுக்காரரின் நெஞ்சில் தைத்தது. சிரித்திருந்தாலாவது பதிலுக்கு முறைத்திருக்கலாம்.

இப்போது மறுபடியும் போக வேண்டும். இந்தத் தடவை கார் அந்தப் போர்ட்டிகோவுக்குள் சத்தமில்லாமல் நுழைந்து நிற்க வேண்டும். குடும்பம் தலை நிமிர்ந்து இறங்க வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"தங்கச்சிக்கு ஒரு போன் போட்டு உயரம் என்னன்னு கேட்டா முடிஞ்சுதுப்பா," என்றான் மகன்.

"என்னன்னு கேப்ப? உங்க வீட்டு முகப்பு எவ்வளவு குட்டைன்னா?"

"குட்டைன்னு யாரு சொன்னா? உயரம்னுதானே கேக்கப் போறோம்."

"கேட்டாலே குட்டைன்னுதான் அர்த்தம். பொண்ணு குடுத்த வீட்டைக் குறை சொல்றதா? அன்னைக்கு நடந்ததை இன்னும் மனசுல வச்சிருக்கோம்னு நினைச்சுக்குவார்."

"வச்சிருக்கீங்கதானே?"

"அது அவருக்குத் தெரியணுமா?"

விற்பனையாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெட்டியை மெதுவாக மூடினார்.

வீட்டுக்கு வந்ததும் அளவுக்காரர் பழைய புகைப்படம் ஒன்றைத் தேடி எடுத்தார். அதில் சம்பந்தி தம் போர்ட்டிகோவின் கீழ் விறைப்பாக நின்றிருந்தார். மனிதரின் உயரம் தெரிந்தால் போர்ட்டிகோவின் உயரம் தானாக வந்துவிடும். நல்ல யோசனை, யாருக்கும் தலைகுனிவு இல்லை. மகளுக்குப் போன் போட்டார்.

"உன் மாமனார் எவ்வளவு உயரம்மா?"

மகள் பதறிப்போனாள்.

"ஏம்ப்பா? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரு என்ன சொல்லப் போறாங்க. சும்மாதான் கேட்டேன்."

"சும்மா யாராவது மாமனார் உயரத்தைக் கேப்பாங்களா? உங்களுக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு? போனை அம்மாகிட்ட குடுங்க."

மனைவி போனை வாங்கினாள். கணவரின் முகத்தைப் பார்த்தாள். அந்த வீட்டின் மரியாதையைக் காப்பாற்றும் வேலையில் அவளுக்கும் பாதிப் பங்கு உண்டு. கண் இமைக்கும் நேரத்தில் ஒரு காரணம் தயார்.

"ஒண்ணுமில்லடி. அவருக்கு ஒரு சட்டை தைக்கணும்னு அப்பாவுக்கு ஆசை. அதுக்குத்தான் அளவு கேக்கறார்."

அளவு வந்தது. கழுத்து, தோள், கை எல்லாம் வந்தன. சம்பந்தியின் தம்பிமார் இருவரின் அளவும் கூடவே வந்தது. அந்த வீட்டில் ஒருவருக்கு மட்டும் புதுத்துணி எடுக்கும் வழக்கமில்லையாம். உயரம் மட்டும் வரவில்லை.

"கழுத்து அளவை வச்சு ஆளோட உயரத்தைக் கண்டுபிடிக்க முடியாதாப்பா?" என்று கேட்டான் மகன்.

"ஒட்டகச்சிவிங்கியா இருந்தா முடியும்."

வாக்குக் கொடுத்தாகிவிட்டது. மூன்று சட்டைகளோடு நின்றால் நன்றாக இருக்காது என்று அவரவர் மனைவிமாருக்கும் துணி எடுத்தார்கள். புதிதாக ஒரு சூட்கேஸ் முளைத்தது.

அளவுக்காரர் அசரவில்லை. ஒரு வழி அடைபட்டால் உட்கார்ந்துவிடுகிற ஆள் அல்ல அவர். மறுபடியும் மகளுக்குப் போன் போட்டார்.

"அம்மா, உங்க போர்ட்டிகோவுல தொங்கவிட ஒரு விளக்கு வாங்கிட்டு வரலாம்னு இருக்கேன். யாரு தலையிலயும் இடிக்கக் கூடாது பாரு. அதனால கூரை உயரத்தை மட்டும் கொஞ்சம் அளந்து சொல்லு."

போனை வைத்துவிட்டு, "பாத்தியா, குட்டைங்கற பேச்சே வரலை," என்று மகனிடம் சொன்னார். மகனும் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

இந்தத் தடவை சரியான அளவு வந்தது. சம்பந்தியே ஸ்டூல் போட்டு ஏறி அளந்தாராம். அளவுக்காரர் அதிலிருந்து காரின் உயரத்தைக் கழித்தார்; பெட்டியைத் தாங்கும் குறுக்குக் கம்பியின் உயரத்தைக் கழித்தார். மிச்சம் இருந்த இடத்தில், கடையிலேயே மிகத் தட்டையான பெட்டிதான் நுழையும்.

ஆனால் விளக்கு வாங்க மனைவியும் கூடப் போயிருந்தாள்.

"சின்னதா வாங்கினா நாம கஞ்சம்னு ஆயிடும்," என்றாள். வாங்கியது, கிளை கிளையாகக் கண்ணாடிக் குமிழ்கள் விரிந்த பெரிய விளக்கு. அதன் அட்டைப்பெட்டி கன்றுக்குட்டி அளவு இருந்தது.

மறுபடியும் கடைக்குப் போனார்கள். விற்பனையாளர் இப்போது அவரைக் கண்டதும் தாமாகவே நாடாவை நீட்டினார்.

"விளக்கு உள்ள போகணும்னா உயரமான பெட்டிதான் சார் வேணும்."

"உயரமான பெட்டின்னா போர்ட்டிகோவுக்குள்ள போகாது."

"அப்ப விளக்கை யாராவது மடியில வச்சுக்கலாமே?"

"பூனைக்குட்டியா மடியில வச்சுக்க? நம்ம குடும்பம் அப்படிப் போய் இறங்கினது கிடையாது தம்பி."

விளக்கைக் கிளை கிளையாகக் கழற்றிப் படுக்கவைப்பது என்று முடிவாயிற்று. அதற்கு உயரம் வேண்டாம், அகலம் வேண்டும். தட்டையாகவும் அகலமாகவும் ஒரு பெட்டி இருந்தது. அதைப் பொருத்திப் பார்த்தார்கள். மேலே தூக்கித் திறக்கும் காரின் பின்கதவு பாதி திறந்ததும் பெட்டியில் முட்டி நின்றது. பெட்டியை முன்னால் தள்ளினார்கள். பின்கதவு திறந்தது, ஆனால் முன்கண்ணாடிக்கு மேல் பெட்டி, காவலர் தொப்பியின் விளிம்பு போல நீட்டிக்கொண்டு நின்றது.

"சிக்னல் தெரியலைப்பா," என்றான் மகன், உள்ளே குனிந்து வளைந்து பார்த்து.

பெட்டி பின்னால் போனது. பின்கதவைத் திறக்காமலே, சாமான்களைப் பின்சீட்டு வழியாக ஏற்றி இறக்குவது என்று தீர்ப்பாயிற்று. அதில் ஒரு நன்மையும் இருக்கிறது என்றார் அளவுக்காரர். என்ன நன்மை என்று யாரும் கேட்கவில்லை.

வாங்கியதோடு விட்டுவிடுகிறவரா அவர். வீட்டு வாசலில் இரண்டு கம்புகளை நட்டு, சம்பந்தியின் போர்ட்டிகோ உயரத்துக்குக் குறுக்கே கயிறு கட்டினார். எதிர்வீட்டுக்காரர் வந்து கயிற்றை அண்ணாந்து பார்த்தார்.

"என்ன சார், இந்த வழியா போறதுக்குக் காசு வாங்கப் போறீங்களா?"

"உங்களுக்கு இலவசம். கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

மகன் காரை நகர்த்தினான். கயிறு பெட்டியில் உரசியது. கணக்குத் தப்பவில்லை, பெட்டியின் பூட்டு ஒரு விரல் துருத்திக்கொண்டிருந்ததுதான் காரணம். சீட்டை நம்பாதவர் பூட்டை மறந்துவிட்டார்.

"மாமா, டயர்ல கொஞ்சம் காத்தைக் குறைச்சுட்டா என்ன?" என்றாள் மருமகள்.

"காத்துப் போன டயரோட சம்பந்தி வீட்டு வாசலை மிதிக்கறதா? கூடாதும்மா. எல்லாரும் ஏறி உக்காருங்க. ஆள் ஏறினா வண்டி இறங்கும்."

ஏறினார்கள். மனைவியின் அக்காவும் அவர்களோடு வருவதாக இருந்தாள். வீட்டில் எல்லோருக்கும் பெரியம்மா, உடம்பிலும் பெரியம்மாதான். அவள் பின்சீட்டில் அமர்ந்ததும் கார் ஒரு பெருமூச்சு விட்டுத் தாழ்ந்தது. கயிற்றைத் தொடாமல் கடந்தது. சந்தேகம் தீர, அவளை மட்டும் இறங்கச் சொல்லி ஓட்டிப் பார்த்தார்கள். உரசியது. பெரியம்மா இல்லாவிட்டால் மானம் இல்லை என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாயிற்று.

"என் உடம்புக்கும் ஒரு உபயோகம் வந்துச்சே," என்றாள் அவள். "இத்தனை வருஷமா டாக்டர்தான் திட்டிக்கிட்டு இருந்தார்."

பயணம் புறப்பட்ட அன்று ஒரே ஒரு கட்டளைதான். சம்பந்தியின் தெருவை எட்டிய பிறகு, போர்ட்டிகோவுக்குள் வண்டி நிற்கும்வரை ஒருவரும் இறங்கக் கூடாது. வழியில் ஓர் உணவகத்தில் பெரியம்மா சாப்பாடு போதும் என்றபோது, அளவுக்காரரே எழுந்து போய் அவளுக்கு இரண்டாம் தடவை வாங்கிவந்து வைத்தார். அந்தக் குடும்பத்தில் விருந்தோம்பலுக்கு என்றுமே குறைவில்லை.

சம்பந்தியின் தெருவுக்குள் திரும்பினார்கள். மேலே பெட்டி கறுப்பாக, பளபளவென்று, ஓர் அசைவில்லாமல் உட்கார்ந்திருந்தது. இந்தத் தடவை தெருவில் யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் நின்று பார்த்ததை அளவுக்காரர் கவனித்தார். கவனிக்காதது போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை, கால் மரத்துப் போச்சு. நான் கேட் வாசல்லயே இறங்கிக்கறேனே," என்று அளவுக்காரரிடம் கேட்டாள் பெரியம்மா.

"இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கங்க. இப்ப இறங்கினீங்கன்னா எல்லாம் போச்சு."

"அப்ப நான் மூச்சை உள்ள இழுக்கணுமா, வெளிய விடணுமா?"

"எப்பவும்போல விடுங்க."

கேட் அகலத் திறந்து கிடந்தது. மகன் காரை ஊர விட்டான். மருமகள் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். அளவுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, மேலே உரசும் சத்தத்துக்காகக் காதைக் கொடுத்தார்.

சத்தம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே போனார்கள். வரவில்லை. கார் நின்றது.

"வந்துட்டோம்ப்பா," என்றான் மகன். அவன் குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

அளவுக்காரர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, மெதுவாக, முறையாக இறங்கினார். பெட்டிக்கு மேல் எவ்வளவு இடைவெளி என்று பார்க்க அண்ணாந்தார். இடைவெளிக்குக் குறைவே இல்லை. வானம் தெரிந்தது.

இரு பக்கமும் முழங்கால் உயரத்துக்குத் தூண்களின் அடிக்கட்டை நின்றது. சுவரோரம் செங்கல்லும் காரையும் குவிந்து கிடந்தன. குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு கொத்தனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே எழுந்து வந்தார்.

"வாங்க சார். ஐயாவும் எங்ககூட வேலை செஞ்சாரு. கை கழுவ உள்ள போயிருக்காரு, இப்ப வந்துடுவாரு."

"போர்ட்டிகோ எங்கப்பா?" என்று கேட்டார் அளவுக்காரர்.

"இடிச்சாச்சு சார். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு உங்க பொண்ணுகிட்டயும் சொல்லிட்டாரு."

"ஏன்?"

"நீங்க விளக்குக்கு உயரம் கேட்டீங்களே, அன்னைக்கே ஐயா எனக்கு ஆள் அனுப்பிட்டாரு சார், 'சம்பந்தி மனசுல இருக்கறதை வாய்விட்டுக் கேக்க மாட்டாரு, அவரு வர்றதுக்கு முன்னால நாமதான் இடிச்சிடணும்'னாரு."