கேட்பாஸ் அண்ணனும் ஐந்து நிமிடத்துக்கு ஓர் அழகியும்

கேட்பாஸ் அண்ணன் சம்மதிக்காமல் ஆவடிக்குள் காற்றுகூட நுழைந்ததில்லை. சும்மா அளக்கிறேன் என்று நினைப்பவர்கள் அவருடைய மருமகனைக் கேட்டுப் பாருங்கள். பெண் பார்க்க வந்த அன்று, பூவும் பழமுமாக நின்ற அந்தப் பையனை வாசலிலேயே மறித்து, "யாரப் பாக்கணும்? இன்னா வேலையா வந்துகீற?" என்று கேட்ட மனுஷன் அவர்.

பாரிவாக்கத்துக்காரர். எங்கள் தொழிற்சாலை வாசலில் முப்பது வருஷம் காவல். வருகிற போகிறவர்களிடம் எல்லாம் கேட்பாஸ் கேட்டுக் கேட்டு, அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. கடைசிக் காலத்தில் வாசலுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதையும் ஒரு கை பார்த்துவிட்டார். ஓய்வு பெற்ற பிறகு, குவார்ட்டர்ஸில் யார் வீட்டுக் கம்ப்யூட்டரில் வேண்டாத விளம்பரம் துள்ளினாலும், வேவு பார்க்கும் சாஃப்ட்வேர் புகுந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவோம். இரண்டு டம்ளர் டீ கொடுத்தால் போதும்.

உட்கார்ந்து வேலை செய்ய மாட்டார். டியூட்டியில் நிற்பதுபோல் விறைப்பாக நின்றுகொண்டு, கட்டம் போட்ட நோட்டைத் திறந்து, கம்ப்யூட்டரில் இருக்கிற ஒவ்வொரு புரோகிராமையும் பெயர் சொல்லி விசாரிப்பார். "நீ யாரு? என்னிக்கி வந்த? யாரு உன்ன உள்ள உட்டது?" பதிலை வீட்டுக்காரர் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் புரோகிராம் வெளியே போக வேண்டியதுதான். பக்கத்து பிளாக்கில் ஒருவர் திருதிருவென்று விழிக்க, பிரிண்டரின் புரோகிராமையே தூக்கிக் கடாசிவிட்டார். பிரிண்டர் ஒரு வாரம் ஊமையாகக் கிடந்தது. "என்னண்ணே இப்படி?" என்றால், "ஜாமீனுக்கு யாரும் வர்லியே நைனா" என்கிறார்.

எனக்கு அவர் தேவைப்பட்டது மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள. போன மார்கழியில், எங்கள் கம்ப்யூட்டரின் வலது மூலையில் ஐந்து நிமிடத்துக்கு ஓர் அழகி எட்டிப் பார்க்கத் தொடங்கினாள். 'உங்கள் பகுதியில் தனியாக இருக்கிறேன், பேசலாமா?' துணி விஷயத்தில் ரொம்பச் சிக்கனம். ஒருத்தியை மூடினால் இன்னொருத்தி. சத்தியமாக நான் எந்தக் கண்றாவியையும் தேடிப் போகவில்லை, ஐயா! என் மனைவி நம்பினால்தானே. கோபம் வந்தால் அவள் கத்த மாட்டாள். நான்கு நாளாகக் குக்கரிடம்தான் பேசினாள்.

"வேலைல இருந்து வந்தாச்சா? சிநேகிதிங்க ரொம்ப நேரமா காத்துக்கிட்டு இருக்காங்களாம், போய்ப் பேசச் சொல்லு."

குக்கரும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டு விசில் அடித்தது. இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்திச் சேர்த்த நல்ல பெயர் கப்பலேறிவிட்டது.

அண்ணன் வந்தார், நின்றார். அழகி எட்டிப் பார்த்தாள். சட்டென்று கண்ணை இறுக மூடிக்கொண்டு, "தங்கச்சி, நீ கொஞ்சம் உள்ள போம்மா" என்றார்.

"நான் நாலு நாளா பாத்துக்கிட்டுதான் இருக்கேன். இவளுகள யாரு கூட்டிட்டு வந்தாங்கன்னு மட்டும் சொல்லுங்கண்ணே" என்றாள் என் மனைவி, நகராமல்.

"இதுங்க தானா வராதும்மா. எதுனா ஒரு சைட்டுல அலோன்னு கேட்டுகீது, யாரோ அமுக்கிகீறாங்க."

"ஐயோ, நான் யாருக்கும் ஹலோகூடச் சொல்லலண்ணே!" என்று அலறினேன்.

"அந்த ஹலோ இல்ல நைனா. அலவ். உள்ள வான்னு அர்த்தம்."

பிரவுசரில் செட்டிங்சைத் திறந்து, எந்தெந்த சைட்டுக்கு அறிவிப்பு அனுப்ப அனுமதி கொடுத்திருக்கிறது என்ற பட்டியலை விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது. என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "நைனா, ஒரு சொம்பு தண்ணி கொண்டா" என்றார்.

நான் தண்ணீரோடு வருவதற்குள் அந்த சைட்டைப் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தார். பிரவுசரில் ஒட்டிக்கொண்டிருந்த ஊர் பேர் தெரியாத எக்ஸ்டென்ஷன் ஒன்றையும், யாரும் கேட்காமலே வந்து குந்தியிருந்த இரண்டு புரோகிராமையும் விரட்டிவிட்டு, முழுசாக ஒரு ஸ்கேன் ஓட்டினார். அழகிகள் ஒழிந்தார்கள்.

"யாரு மேலயும் தப்பு இல்ல. கதவு சாத்தாம கெடந்துகீது, அவ்ளோதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

வழியனுப்பக் கீழே போனேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே காதைக் கடித்தார். "தங்கச்சி மார்கழிக்குக் கோலம் டிசைன் தேடிகீது. 'படம் தெரியணும்னா அலவ் அமுக்கு'ன்னு அந்த சைட்டு சொல்லிகீது, அதுவும் அமுக்கிகீது. நீ தெரிஞ்ச மாரி காட்டிக்காத. நாலு நாளா உன்ன வறுத்து எடுத்துச்சே, தெரிஞ்சா மனசு கஷ்டப்படும்."

இருபத்திரண்டு வருஷத்தில் நான் ஜெயித்த ஒரே வழக்கு. அதையும் வெளியே சொல்லக்கூடாதாம்! பல்லைக் கடித்துக்கொண்டு மாடியேறினேன். மனைவி காபியை நீட்டி, "சர்க்கரை போதுமா?" என்றாள். நான்கு நாளுக்குப் பிறகு என்னிடம் நேராகக் கேட்டது. "போதும்" என்றேன். சர்க்கரையே போட்டிருக்கவில்லை.

போன வாரம் ஏதோ சில்லறைச் சண்டை. வாய் தவறி, "அன்னைக்கு உன் கோலத்தால..." என்று உளறிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் சிரித்துவிட்டாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும். நீங்க தண்ணி எடுக்கப் போனப்பவே அண்ணன் சொல்லிட்டாரு. 'அவுரு பாவம்மா, நாலு நாளா நொந்துகீறாரு. ஒண்ணும் சொல்லிக்காத, காபி குடுத்து ஒயுங்கா பேசு, போதும்'னாரு."

எங்கள் இரண்டு பேர் மானத்தையும் தனித்தனியாகக் காப்பாற்றிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் சைக்கிளை மிதித்துப் போயிருக்கிறார். எனக்குக் கூடப் பிறந்த அண்ணன் கிடையாது. இருந்திருந்தாலும் இவ்வளவு செய்திருப்பாரா, தெரியவில்லை.