நாலு படியும் முழு மனதும்

அன்புள்ள மச்சானுக்கு, அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே உன் அக்கா சுகம், அவள் குரலும் சுகம். அங்கே நீயும் உன் புத்தகங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சட்டம், சுதந்திரம் என்று நீ எழுதி அனுப்பிய கட்டுரையை இரண்டு தடவை படித்தேன் என்று போனில் சொன்னேனே, அது பொய். இரண்டாம் பக்கத்திலேயே சலூன் நாற்காலியில் வாயைப் பிளந்து தூங்கிவிட்டேன். சவரத்துக்கு வந்தவர் என்னை எழுப்ப மனசில்லாமல் தாடியோடு திரும்பிப் போனாராம். ஆனால் நீ என்ன எழுதியிருப்பாய் என்று இப்போது எனக்குத் தெரியும், நகராட்சியே நேரில் வந்து சொல்லிக்கொடுத்துவிட்டது.

நம் சலூன் தெருவிலிருந்து இடுப்பளவு உயரம் என்பது உனக்குத் தெரியும். முன்னால் உள்ள நாலு படியும் நடைபாதையில் நிற்கிறதாம், எடுக்க வேண்டுமாம். படி போனால் முட்டிவலிக்காரர் எவரும் ஏறி வரமாட்டார், என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முட்டிவலிக்காரர்கள்தான். ஆபீசர் ஒரு படிவத்தை நீட்டினார். விரல் வைத்துப் படித்தேன்: 'யாருடைய வற்புறுத்தலும் இன்றி, முழு மனதோடு என் படிகளை அகற்றச் சம்மதிக்கிறேன்.' "சார், அரசாங்கம் பெருசு, நான் சின்னவன், படியை எடுத்துக்குங்க. ஆனா முழு மனசுன்னு போட்டிருக்கே, எனக்குக் கால் மனசுகூட இல்லையே" என்றேன். "கால் மனசுக்கு ஃபார்ம்ல இடம் இல்லைங்க." "அப்ப வற்புறுத்தி எடுத்தோம்னு எழுதிக்குங்க." "ஐயையோ, நாங்க யாரையும் வற்புறுத்த மாட்டோம், அது தப்பு." "கையெழுத்துப் போடலைன்னா?" "கடைக்குப் பூட்டுப் போடுவோம்." உன் அக்கா உள்ளேயிருந்து, "போட்டுத் தொலைங்களேன், கல்யாணத்துல மட்டும் முழு மனசோடயா தலையாட்டினீங்க?" என்றாள். கல்யாணத்தில் என்னிடம் யாரும் எழுதி வாங்கவில்லையே மச்சான், அதுதானே விஷயம்!

நாலு நாள் அவர் வந்தார், நாலு நாளும் மாட்டேன் என்றேன். ஐந்தாம் நாள் களைத்துப்போய், "ஒரு ஷேவ் பண்ணிவிடுங்க" என்று உட்கார்ந்தார். நுரை போட்டுக் கத்தியைத் தொண்டையருகே கொண்டுபோய், "சார், படி இருக்கட்டும்னு சொல்லுங்களேன்" என்றேன். "இருக்கட்டும்." "யார் வற்புறுத்தலும் இல்லாமத்தானே?" கண்ணாடியில் அவர் கண் கத்தியைப் பார்த்தது. "இல்லாமத்தான்." "முழு மனசோட?" "முழு மனசோட." நான் சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார், ஆனால் கழுத்தைத் தடவிக்கொண்டே. "இது மிரட்டல்ங்க" என்றார். "எனக்குக் கத்தி, உங்களுக்குப் பூட்டு" என்றேன். மீதி நுரையைத் தானே துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் வேறு படிவத்தோடு வந்தார்: 'யாருடைய வற்புறுத்தலும் இன்றி, முழு மனதோடு மறுக்கிறேன்.' பார்த்தாயா! இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டு, அவருக்கு மீசையையும் ஓசியில் திருத்திவிட்டேன். அரசாங்கம் என் மனதை மதித்துவிட்டது மச்சான், இதை உன் கட்டுரையில் சேர்த்துக்கொள்.

குழந்தைகளுக்கு என் முத்தங்கள். உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு. நீ நூறு வயது வரை யாரும் வற்புறுத்தாமலே சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு: மேலே உள்ளதை எழுதி முடிக்கும்போதே படிகளை உடைத்துவிட்டார்கள். தெருவில் சம்மதம் எழுதித் தந்தவர்கள் முப்பது பேர். அவர்களுக்கெல்லாம் உண்மையிலேயே முழு மனதுதானா என்று விசாரித்து முடிக்க ஆறு மாதம் ஆகுமாம். மறுத்தவருக்கு விசாரணை கிடையாதாம், உடனே எடுக்கலாமாம். மறுத்தவன் நான் ஒருவன்தான். உடைக்கும்போது நான் கடைக்குள்ளே இருந்தேன். ஏணி கொண்டுவந்திருந்தார்கள், இறங்குவதற்கு ஒரு கையெழுத்துக் கேட்டார்கள். குதித்துவிட்டேன். செருப்பு உள்ளே இருக்கிறது.